நெர்மின் ஹானிமின் பாட்டில் ஓர் இடைவெளி

போன மாதம் உங்கள் வானொலிக் கலையகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் துசி எனக்கு ஒரு வித்தை காட்டினாள். நேர்காணல் ஒன்றைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, "அன்ரி, இஞ்சை பாருங்கோ, ஜஸ்ட் வன் கிளிக். டெட் எயார் எல்லாத்தையும் அது தானே தேடி எடுத்திடும்" என்றாள். சொன்னபடியே பேச்சில்லாத இடங்களை எல்லாம் எடுத்தது. மூச்சு, தயக்கம், யோசனை எல்லாம் போய், பேசியவர் பேருந்தைத் தவறவிடப்போகிறவர் போலப் பேசிக்கொண்டே போனார். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு துசி, "நீங்கள் அந்தக் காலத்திலை இதை எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டாள். அதற்கு நின்று பதில் சொல்ல அன்று நேரம் இருக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பிளேட்டால் செய்தோம் பிள்ளை. எழுபதுகளின் நடுப்பகுதி. டொராண்டோ நகர மத்தியில் ஒரு சிறிய வானொலி நிலையம். தட்டச்சு செய்ய என்று சேர்ந்தவள், வருடம் திரும்புவதற்குள் ஒலிநாடா வெட்டி ஒட்டும் அறைக்குள் போய்விட்டேன். சாய்வாகப் பள்ளம் வெட்டிய ஓர் அலுமினியக் கட்டை, மஞ்சள் மெழுகுப் பென்சில், ஒட்டுநாடா, பிளேட். தொழிலுக்கு வேண்டியது அவ்வளவுதான். கையால் நாடாவை முன்னும் பின்னும் உருட்டி, காதால் இடத்தைப் பிடித்து, பென்சிலால் கோடு போட்டு வெட்ட வேண்டும். வெட்டினால் வெட்டினதுதான். திரும்பப் பெற உங்கள் திரையில் இருக்கிற வளைந்த அம்புக்குறி எங்களிடம் இல்லை.

எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் வாயில் எப்போதும் பெப்பர்மின்ற் வைத்திருக்கும் ஓர் அம்மையார். அதிகம் பேசமாட்டார். வெட்டிய துண்டுகளைக் கூடைக்குள் போடாமல் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்வார். முதல் நாள் அவரைப் பார்த்தபோது கோயில் கொடியேற்றத்துக்குப் புறப்பட்டவர்போல இருந்தது. "நிகழ்ச்சி ஒலிபரப்பாகி முடியும்வரை ஒன்றையும் எறியாதே" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன ஒரே பாடம். அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகு மாலை என் கழுத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் நிலையம் ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒன்றை ஒலிபரப்பும். நகரத்துக்கு வந்து குடியேறிய இசைக்காரர்களைப் பற்றியது. அதன் தயாரிப்பாளர் நல்ல மனிதர், ஆனால் கால்களில் சில்லுப் பூட்டியவர்போல ஓடிக்கொண்டே இருப்பார். நெர்மின் ஹானிம் என்ற துருக்கிய இசையமைப்பாளரை அவர்தான் கண்டுபிடித்தார். ஹானிம் என்பது பெயரில்லை, அம்மையார் என்பதுபோல ஒரு மரியாதைச் சொல். எழுபதை நெருங்கியவர். டோர்செட் பார்க்கில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றில், கட்டடப் பொறியாளரான மகன் தாரிக்குடன் இருந்தார். ஒலிப்பதிவுக்குப் போக ஆள் போதாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கதவைத் திறந்த மகன் உள்ளே பார்த்து, "அன்னே!" என்று கூப்பிட்டார். என் யாழ்ப்பாணத்துக் காதில் அது அண்ணே என்றுதான் விழுந்தது. தமையன் ஒருவர் வரப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டு நிற்க, வெள்ளைத் தலையோடு ஒரு பெண்மணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். துருக்கி மொழியில் அன்னே என்றால் அம்மா. அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தமிழ் கேட்க ஆளில்லாத நகரம் அப்போது. கடையில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் பின்னால் போய்ப் பேச்சுக் கொடுக்கிற காலம். அன்னை என்ற சொல் ஒரு துருக்கிக்காரர் வீட்டில் அன்றாடப் பேச்சில் கிடந்தது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இனி ஒரு விஷயம். நாங்கள் எல்லாரும், எங்களுக்கு முன்னால் தாயும் மகனும்கூட, ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். அவர்களுடைய ஆங்கிலம் துருக்கியாக இருந்தது, என்னுடையது யாழ்ப்பாணமாக இருந்தது. அவர்கள் சொன்னதெல்லாம் என் நினைவில் என் பேச்சிலேயே பதிந்து கிடக்கிறது. அப்படியே தருகிறேன்.

நெர்மின் ஹானிம் இஸ்தான்புல்லில் கடலின் கிழக்குக் கரையில் உள்ள உஸ்குதாரில் பிறந்தவர். பாட்டுப் படித்தது தாளைப் பார்த்து அல்ல. வாத்தியார் ஒரு வரி பாடுவார். மாணவி இரண்டு முழங்காலிலும் தாளம் தட்டிக்கொண்டு திருப்பிப் பாட வேண்டும். வலது முழங்காலில் விழுந்தால் தும், இடதில் விழுந்தால் தெக். தாளம் உடம்பில் ஏறின பிறகுதான் அடுத்த வரி. இருபது வயதிலேயே சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கிவிட்டார். அங்கே வானொலியில் பேர்போன பாடகிகள் அவற்றைப் பாடினார்கள். பாடகியின் பெயரைச் சொல்வார்கள், இவருடைய பெயரைச் சிலவேளை சொல்வார்கள், பலவேளை மறந்துவிடுவார்கள். "பெயரை விட்டிட்டினம் எண்டு அழுதனீங்களோ?" என்று கேட்டேன். "பாட்டை ஒழுங்காப் பாடினவை. எனக்கு அது காணும்" என்றார். ஆனால் எந்தப் பாடகி எந்த இடத்தில் சுரத்தைப் பிசகவிட்டாள் என்பதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. அரைமணி நேரம் அதைத்தான் சொன்னார்.

கணவர் நாணலில் செய்த குழல் வாசிப்பவர், பகலில் கணக்காளர். சுவரில் படம் இருந்தது. அவர் காலமான பிறகு, கனடாவுக்கு முன்னரே வந்துவிட்ட ஒரே மகனிடம் வந்து சேர்ந்திருந்தார். பாட்டுக் கட்டுவதை அதோடு நிறுத்திவிட்டார். பலர் கேட்டும் ஒலிப்பதிவுக்குச் சம்மதிக்காதவர், அந்த வருடம் மட்டும் ஏன் சம்மதித்தார் என்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

வானொலிக்குக் கொடுத்த பாட்டுகள் சிலவற்றைப் பாடினார். குரல் கரகரத்தாலும் சுரம் அசையவில்லை. கடைசியாக, இதுவரை வெளியில் கொடுக்காத ஒன்று என்று சொல்லி ஒரு பாட்டை எடுத்தார். ஒன்பது தட்டுத் தாளம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கு நொண்டுவது என்று பொருள். கடைசித் தட்டு கொஞ்சம் நீண்டு, காலை இழுத்து வைப்பதுபோல வரும். இரண்டு வரி பாடினார். மூன்றாவது வரி வரவேண்டிய இடத்தில் நிறுத்தினார். கண் சுவரைப் பார்த்தபடி இருந்தது. மகன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். தயாரிப்பாளர் என்னைப் பார்த்தார். பிறகு நெர்மின் ஹானிம் ஒன்றும் நடக்காததுபோல நாலாவது வரியைப் பிடித்துப் பாட்டை முடித்தார். முடிந்ததும் மகன் அவசரமாக எழுந்து தேநீர் கொண்டுவரப் போனார்.

இந்த நிகழ்ச்சி ஒலிபரப்பாகவிருந்த வாரம், வெள்ளிக்கிழமை காலையில் தாரிக் தயாரிப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தார். அம்மா மறந்துபோய் நின்ற அந்த இடத்தை வெட்ட வேண்டும், வெட்டாவிட்டால் நிகழ்ச்சியே வேண்டாம் என்றார். சில மாதங்களாக அம்மா அடுப்பை அணைக்க மறக்கிறார், போன வழியை மறக்கிறார். நகரத்தில் இருப்பது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய துருக்கிக் குடும்பங்கள். அவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கேட்பார்கள். தன் தாய் புத்தி தடுமாறி நின்றதை அவர்கள் கேட்கக்கூடாது. அவர் கேட்டதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. என் அம்மாவாக இருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

தயாரிப்பாளர் என் அறைக்குள் தலையை மட்டும் நீட்டி, "அந்த வெற்றிடத்தை எடுத்துவிடு. இரண்டு நிமிட வேலை" என்று சொல்லிவிட்டு ஓடினார். உண்மையில் இரண்டு நிமிட வேலைதான். இரண்டாவது வரி முடிகிற இடத்தில் ஒரு கோடு, நாலாவது வரி தொடங்கும் இடத்தில் ஒரு கோடு. எங்கள் நிலையத்தில் யாருக்கும் துருக்கி மொழி தெரியாது. ஒரு வரி காணவில்லை என்று எங்களில் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டோம்.

கோடு போட்டேன். வெட்டும் முன் அந்த இடத்தை ஒருமுறை ஒலியைக் கூட்டிக் கேட்டேன். அது வெற்றிடம் இல்லை. தும், தெக், தும், தெக் என்று முழங்காலில் விழும் தட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. அறையில் இருந்தபோது எங்கள் எல்லாருடைய கண்ணும் அவருடைய முகத்தில் இருந்ததால் கையை ஒருவரும் கவனிக்கவில்லை. என் கை தானாகவே தொடையில் தாளம் போடத் தொடங்கியது. சின்ன வயதில் வாய்ப்பாட்டுப் படித்த பழக்கம். போட்டுப் பார்த்தால், ஒன்பது தட்டுகள் ஒரு சுற்று, அடுத்த சுற்று, அடுத்தது. தடுமாற்றம் இல்லை, அவசரம் இல்லை. சுற்று முடிகிற இடத்தில், கச்சிதமாக, நாலாவது வரி விழுந்தது. மறந்துபோய்த் திகைத்து நிற்கிற ஒருவரின் கை இப்படித் தட்டுமா? திகைத்தால் முதலில் நிற்பது கைதானே.

பிளேட்டைக் கீழே வைத்தேன்.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். என் கணவர் ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"இஞ்சருங்கோ, அந்த மனிசி மறக்கேல்லை. அது ஆருக்கோ இடம் விட்டிருக்கு."

"ஆருக்கு?"

"புருசனுக்கு. அவர் குழல் வாசிக்கிறவர். அந்த இடத்திலை அவர் குழல் வந்திருக்கும். அவர் இல்லாட்டியும் அவரின்ரை இடத்தை வைச்சிருக்கிறா."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "நல்ல கதைதான். ஆனா உது நீர் சொல்லுற கதை. மனிசி சொன்னதோ?"

"இல்லை."

"அப்ப கேளுமன். உயிரோடைதானே இருக்கிறா."

இவ்வளவு நேரமும் எனக்கு அது தோன்றவில்லை. நாடாவோடு வேலை செய்கிறவர்களுக்கு வருகிற வியாதி இது. நாடாவில் உள்ள ஆளையே ஆள் என்று நினைத்துவிடுவோம்.

சனிக்கிழமை காலை தயாரிப்பாளரிடம் போய், வெட்டவில்லை, பாட்டின் சொந்தக்காரியைக் கேட்காமல் வெட்டமாட்டேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. மகன் சொல்லிவிட்டார், பத்திரிகையில் நிகழ்ச்சி விபரம் வந்துவிட்டது, நாளைக்கு ஒலிபரப்பு என்று அடுக்கினார். நான் அந்த இடத்தை ஒலியைக் கூட்டிப் போட்டுக்காட்டினேன். அவர் உட்கார்ந்து கேட்டார். அவரை நான் உட்கார்ந்து பார்த்தது அபூர்வம். "மத்தியானம் வரை நேரம் தருகிறேன்" என்றார்.

தொலைபேசியை மகன்தான் எடுத்தார். அம்மாவைக் கூப்பிட மாட்டேன் என்றார். மறதியைப் பற்றி அவருக்குச் சொல்லவேண்டி வரும், அது அவரை உடைத்துவிடும் என்றார். நான் மறுபடி கேட்க வாயெடுத்தபோது, மறுமுனையில் அவர் கையிலிருந்து தொலைபேசி மாறுகிற சத்தம் கேட்டது. "ஆர், அந்த நாடாப் பிள்ளையோ? என்ன வேணும்?" என்றது கரகரத்த குரல். உங்கள் பாட்டில் ஓர் இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றேன். "எனக்குத் தெரியும் எந்த இடம் எண்டு. நான் வாறன்" என்றார்.

வந்தார். மகன் காரை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தார். என்னைப் பார்த்த பார்வையில் சிநேகம் இல்லை. என் சின்ன அறையில் மூன்று பேரும் இருக்க, தயாரிப்பாளர் கதவில் சாய்ந்து நின்றார். நாடாவை ஓடவிட்டேன். இடைவெளி வந்தது, தட்டு போனது, நாலாவது வரி வந்தது. நிறுத்தினேன். பிறகு எனது குழல் கதையைச் சொன்னேன். கொஞ்சம் உணர்ச்சியோடுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

நெர்மின் ஹானிம் வாய்விட்டுச் சிரித்தார். "அவரோ? இந்தப் பாட்டுக்கு அவர் ஒரு நாளும் வாசிச்சதில்லை. இது சமையல் பாட்டு. அவர் வாற நேரத்திலை நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு பாடுறது." சிரிப்பு நின்றது. "இல்லைப் பிள்ளை. நான் மறந்திட்டன். வரி வரேல்லை. கை பழக்கத்திலை போகுது, அதைப் பெரிசா எடுக்காதை."

மகன் குனிந்து தரையைப் பார்த்தார்.

"தாரிக் நினைக்கிறான் எனக்குத் தெரியாதெண்டு," என்றார் அவர். "அடுப்பு மறக்கிறது தெரியும். றோட்டு மறக்கிறது தெரியும். அதுதானே உங்களுக்கு ஓம் எண்டனான். இருக்கிறதை இப்ப பாடாட்டி எப்ப பாடுறது? ஆனா என்ரை பாட்டிலையே ஒரு வரி போகுமெண்டு நான் நினைக்கேல்லை. அந்த நாளிலை இருந்து தேடுறன். வருகுதில்லை."

அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்தது பயம். பாடகிகளை மன்னிக்காத அந்த மனுஷியின் வாயில் அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏன் கூப்பிட்டோம் என்று இருந்தது. கேளாமல் வெட்டியிருந்தால் இந்த வேதனை இல்லையே என்று ஒரு கணம் நினைக்கத்தான் செய்தேன். உங்களுக்கும் அந்தக் கணம் வரும். அப்போது அவசரப்பட்டு ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். நான் "இன்னொருமுறை போடட்டோ?" என்று மட்டும் கேட்டேன். போடு என்றார்.

இரண்டாம்முறை நாடா ஓடியபோது அவர் தன் முழங்காலில் கூடவே தட்டினார். முதல் வரி, பொருள் பிறகு தாரிக் சொன்னது, மாலைக் கப்பல் கரைக்கு வந்துவிட்டது. இரண்டாவது வரி, படியில் காலடி கேட்கிறதே, யாரது? பிறகு அந்த இடைவெளி. தும், தெக், தும். ஒரு சுற்றுப் போனது. அடுத்த சுற்றுத் தொடங்கியபோது, தரையைப் பார்த்துக்கொண்டிருந்த தாரிக்கின் வாயிலிருந்து ஏதோ வந்தது. பாட்டு என்று சொல்லமுடியாது. முணுமுணுப்பு. நான் நாடாவை நிறுத்தினேன்.

தாய் திரும்பி மகனைப் பார்த்தார். "என்ன சொன்னனி?"

பொறியாளரின் முகம் சிவந்தது. நாற்பது வயது மனிதர். "நான்தான், வந்திட்டன், கதவைத் திற," என்றார். அதுதான் அந்த வரி.

"ஓம்," என்றார் தாய், மெல்ல. "ஓம், அதுதான்."

"அன்னே, நீங்கள் மறக்கேல்லை." அவர் குரல் தடுமாறியது. "நீங்கள் இந்த வரியை ஒரு நாளும் பாடினதில்லை. இது என்ரை வரி. நீங்கள் குசினியிலை இருந்து ஆரது எண்டு பாடுவியள். நான் கீழை தெருவிலை விளையாடிக்கொண்டு நிப்பன். படியிலை ஓடிவந்து வாசல்லை நிண்டு இதைப் பாடினால்தான் நீங்கள் மிச்சத்தைப் பாடுவியள். நான் ஓடி வாறதுக்கு நீங்கள் ஒரு சுற்றுச் சும்மா தட்டுவியள்."

நெர்மின் ஹானிம் நாற்காலியை மகனுக்குக் கிட்ட இழுத்தார். பிறகு கைநீட்டி மகனின் முழங்காலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அப்ப நீ ஏன் அண்டைக்கு வாயைத் திறக்காமல் இருந்தனி?" என்றார். "நான் வீட்டிலை வைச்சுத்தானே பாடினனான். நீயும் பக்கத்திலை இருந்தனி. நான் தட்டிக்கொண்டு நிக்கிறன், நீ வாறாயில்லை."

தாரிக் அழுதார். எனக்கும் கண் நிறைந்தது, மறைக்கவில்லை. தயாரிப்பாளர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "கலையகம் காலியாக இருக்கிறது. இப்போதே அவரைப் பாடச் சொல்லுங்கள்," என்றார்.

தாரிக்குக் குரல் இல்லை என்பதை அவரே சத்தியம் பண்ணிச் சொன்னார். தாய் கேட்கவில்லை. கலையகத்தில் ஒலிபெருக்கியில் நாடாவை முதலிரண்டு வரிகள் மட்டும் ஓடவிட்டு, யாரது என்ற இடத்தில் நிறுத்தினேன். அங்கிருந்து நெர்மின் ஹானிம் தன் கையால் தாளத்தைத் தொடர்ந்தார். ஒரு சுற்று வெறும் தட்டு. பிறகு மகன் பாடினார். நான்தான், வந்துவிட்டேன், கதவைத் திற. கடைசிச் சுரம் கொஞ்சம் தாழ்ந்து விழுந்தது. எனக்கே கேட்டது. தயாரிப்பாளருக்கும் கேட்டது, அவர் நல்ல காது உள்ளவர். "இன்னொருமுறை பாடலாமா?" என்றார்.

"வேண்டாம்," என்றார் தாய். "சின்னனிலையும் உப்பிடித்தான் பாடினவன். ஓடி வந்த மூச்சு. அங்கை எப்பவும் விழுத்துவான். விடுங்கோ."

இஸ்தான்புல் பாடகிகள் யாராவது இதைக் கேட்டிருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும்.

என் அறைக்கு வந்து வேலையைத் தொடங்கினேன். பழைய நாடாவில் இடைவெளியை வெட்டி எடுத்தேன். புதிய நாடாவில் தாய் தட்டத் தொடங்கியதிலிருந்து மகன் பாடி முடித்த சுற்றின் கடைசித் தட்டு வரை வெட்டி எடுத்தேன். ஒட்டும் முன் இரண்டையும் அளந்து பார்க்க ஆசை வந்தது. மேசை போதவில்லை. தாரிக்கை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, வெளியே தாழ்வாரத்தில் இரண்டு நாடாக்களையும் பக்கம் பக்கமாக நீட்டினோம். ஒன்று, மகன் தன் வரிக்கு வராமல் போன நாளில் தாய் தனியாகத் தட்டியது. மற்றது மகனோடு தட்டியது. நாடா ஒவ்வொன்றும் ஒரு நல்ல அறையின் நீளம் இருக்கும். கடைசியில் வித்தியாசம் என் சுண்டுவிரல் அகலம்.

தாரிக் குனிந்து இரண்டு முனைகளையும் இன்னொருமுறை சேர்த்துப் பார்த்தார். அளவுகளோடு வாழ்கிற மனிதர் அவர், அதன் அர்த்தம் நான் சொல்லாமலே அவருக்கு விளங்கியது. தன் வரிக்கு வேண்டிய இடத்தைத் தாய் ஒரு தட்டுக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

துசி, நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். உன் பொத்தானில் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் காலத்தில் அது இருந்திருந்தால் என் கழுத்து நோவு எவ்வளவோ குறைந்திருக்கும். ஆனால் அதை அமுக்கும் முன் அந்த இடத்தை ஒருமுறை ஒலியைக் கூட்டிக் கேள். கேட்டுவிட்டு உன் மனதில் ஒரு நல்ல கதை தோன்றினால், அதையும் நம்பாதே. ஆள் உயிரோடு இருந்தால் தொலைபேசியை எடு. மகன் சொல்வான், தயாரிப்பாளர் சொல்வார், நிலைய முகாமையாளர் சொல்வார். எல்லாரும் நல்லதற்குத்தான் சொல்வார்கள். நான் அந்தச் சனிக்கிழமை பயந்துகொண்டுதான் நின்றேன். வேலை போய்விடும் என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி போனது. பாட்டுக்கு முன் நெர்மின் ஹானிமின் குரலிலேயே ஒரு சிறு அறிமுகம் வைத்தோம். அது அவர் கேட்டு வைத்தது. எனக்கு இப்போது பல விஷயங்கள் மறந்துபோகின்றன, இந்தப் பாட்டில் ஒரு வரி என் மகனிடம் இருக்கிறது, அவன் பாடுவான், அவன் பாடகன் இல்லை என்று சொன்னார். துருக்கிக் குடும்பங்களில் எல்லாரும் கேட்டார்கள். திங்கட்கிழமை தாரிக் எனக்குத் தொலைபேசி எடுத்து, வீடு முழுக்க ஆட்கள் என்றார். ஒருவரும் புத்தி தடுமாற்றம் பற்றிப் பேசவில்லையாம். எல்லாரும் அந்தப் பாட்டைச் சொல்லித் தரும்படிதான் கேட்டார்களாம்.

நெர்மின் ஹானிம் சொல்லிக் கொடுத்தார். முழங்காலில் தட்டி, வரி வரியாக, பெண்களுக்கு. அதற்குப் பிறகு அவருக்குப் பெயர்கள் போயின, பிறகு முகங்களும் போயின. மகன் பயந்தது நடக்காமல் இருக்கவில்லை. கடைசிக் காலத்தில் அவரைப் பராமரிப்பு இல்லத்தில் வைத்திருந்தபோது நான் ஒருமுறை போனேன். தாரிக் அறைக்குள் நேரே போகவில்லை. வாசலில் நின்று அந்த வரியைப் பாடிவிட்டுத்தான் போனார். உள்ளே போர்வைக்கு மேல் கை அசைந்தது.

அவர் இறந்து பல வருடங்கள் கழித்து, துருக்கிக்காரர்களின் கூட்டம் ஒன்றுக்கு என்னை அழைத்திருந்தார்கள். தாரிக் அதற்குள் வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார். மேடையில் இருந்தவர்களில் பாதிப் பேர் நெர்மின் ஹானிமைக் கண்டதேயில்லை. இஸ்தான்புல்லில் இருந்து வந்த இசை ஆசிரியர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். அவர்தான் அதற்குமுன் ஒத்திகையில், மூன்றாவது வரியின் கடைசிச் சுரம் பிழை, அந்த மகாமில் அது அவ்வளவு தாழாது என்று திருத்தப் பார்த்தாராம். மகாம் என்பது எங்கள் இராகம்போல, ஹோஜா என்றால் ஆசிரியர். "இல்லை, ஹோஜா, இந்தப் பாட்டிலை அது அப்பிடித்தான்" என்று பெண்கள் மரியாதையாகச் சொல்லிவிட்டார்களாம். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் இதைச் சொல்லிச் சிரித்தாள்.

பாட்டுத் தொடங்கியது. மாலைக் கப்பல் வந்தது. படியில் காலடி கேட்டது. யாரது என்று கேட்டுவிட்டுப் பெண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். முழங்கால்களில் தட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது, ஒரு முழுச் சுற்று. பிறகுதான் பின்வரிசையில் ஓர் ஆண் குரல் எழுந்து, நான்தான் என்றது.

அந்தச் சுற்று ஏன் வெறுமனே போகிறது என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். "தெரியாது, அது வழக்கம்" என்றாள். உஸ்குதாரில் ஒரு பிள்ளை தெருவிலிருந்து படியேறி ஓடிவருகிற நேரம் அது.